தாங்குகிறவர்களைத் தாங்குவோம்

(ஆண்டு ஸ்தோத்திர ஆராதனையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தியின் சுருக்கம்)



இன்று வியாதியஸ்தரைப் பற்றியல்ல, அவர்களைத் தேடி வீடுவீடாகச் செல்லும் சுகாதார ஊழியர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். கர்மேலில் பெரிய ஜெயம் பெற்றவர், சில நாட்களில் வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் படுத்து, சாவை விரும்பினார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதனை அனுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், தூங்கவிட்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தார். ஓரேபில் அவரோடு பேசியது அதற்குப் பிறகுதான்.

நானோ அப்படிச் செய்யவில்லை. நமது சமுதாய நலப் பிரிவில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு செவிலியர் என்னிடம் வந்து, "ஐயா, முன்னைப்போல வேலை செய்ய முடியவில்லை. விட்டுவிடலாமா என்றிருக்கிறது" என்றார். "இன்னும் அதிகமாக ஜெபியுங்கள், அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சில வாரங்களுக்குப் பின் ஒருநாள் அவரோடு கிராமத்துக்குப் போனேன். தோளில் தடுப்பூசிப் பெட்டி. ஐஸ் உருகுமுன் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். ஒவ்வொரு வாசற்படியிலும் முழங்கால் வலி. போகிற இடத்தில் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து அவர் தண்ணீரே குடிக்கவில்லை. இரவில் பதிவேடுகளை எழுத வேண்டும். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். "இதையெல்லாம் யாரிடமாவது சொன்னீர்களா, அம்மா?" என்றேன். "யாரும் கேட்டதில்லை, ஐயா" என்றார். அவரிடம் குறைந்திருந்தது விசுவாசமல்ல, தூக்கமும் துணையும். நான் வெட்கப்பட்டேன்.

வேலை செய்யும் திறனைப் பற்றிப் பின்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 1980-களிலிருந்து ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அதை அவர்கள் நான்கு மாடி வீட்டுக்கு ஒப்பிடுகிறார்கள். முதல் மாடி சரீர, மன ஆரோக்கியம். இரண்டாவது அறிவும் பயிற்சியும். மூன்றாவது வேலையின்மேல் உள்ள மனப்பற்று. நான்காவது வேலையின் பாரம், வேலையிடம், மேலதிகாரி நடத்தும் விதம். மேல்மாடியில் பாரம் கூடிக்கொண்டே போனால் கீழ்மாடிகள் நொறுங்கும். நாமோ மூன்றாவது மாடியை மட்டும் பார்த்து, "அர்ப்பணிப்பு போதாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

அரசு விதிப்படி சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம். இந்தியா போலியோ இல்லாத நாடென்று 2014-ல் சான்று பெற்றதும், 2021-ல் கொரோனா தடுப்பூசி கிராமங்களுக்கு வந்ததும் இப்படிப்பட்டவர்களின் கால்நடையால்தான்.

அந்தச் செவிலியரின் காரியத்தை நிர்வாகத்திடம் எடுத்துச் சொன்னேன். பெட்டி சுமக்க ஓர் இளம் ஊழியர் அவரோடு போகிறார். பதிவேடு எழுத வேலை நேரத்திலேயே ஒரு மதியம் ஒதுக்கப்பட்டது. முழங்காலுக்கு நம் மருத்துவமனையிலேயே சிகிச்சை நடக்கிறது. வலி முழுவதும் போய்விடவில்லை. ஆனால் அவர் வேலையை விடவில்லை.

பிரியமானவர்களே, கட்டிடத்துக்கும் கருவிக்கும் மனதாரக் கொடுக்கிறீர்கள். அவற்றில் உங்கள் பெயர் பொறிக்கப்படும். ஓர் உதவியாளரின் சம்பளத்திலும், ஒரு கழிப்பறையிலும், ஒரு செவிலியரின் ஓய்வு நாளிலும் யார் பெயரும் பொறிக்கப்படாது. இந்த வருஷம் உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை அதற்கென்று கொடுங்கள். சூரைச்செடியின் கீழ் தூதன் வைத்த அடையிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. ஆனால் அதன் பலத்தினால் எலியா நாற்பது நாள் நடந்தார்.

தேவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.