சட்டன் ஹூ தலைக்கவசம்

ஆங்கிலோ-சாக்சன் வீரன் என்றதும் வாளும் இரும்புச் சட்டையும் உங்கள் நினைவிற்கு வரக்கூடும். அவை பெருஞ்செல்வர்க்கே வாய்த்தவை. எளியவன் ஏந்தியவை ஈட்டியும், நடுவே இரும்புக் குமிழ் பதித்த மரக்கேடயமுமே. அப்பலகை பிளந்தால் அவனுக்கு வேறு காப்பில்லை.

1939-இல் சட்டன் ஹூவில், கப்பல் புதைத்த மேட்டினுள் தலைக்கவசமொன்று நூற்றுக்கணக்கான துண்டுகளாய்க் கிடைத்தது. முதலில் அவற்றை ஒட்டி அமைத்த வடிவமோ தாடையின் சில பகுதிகளையும் கழுத்தையும் மறைக்கவில்லை. அரசனையொத்தவன் அணிந்தது உயிர்நிலையைத் திறந்து விடுமா? 1970-71-இல் அதனைப் பிரித்து மீண்டும் பொருத்தினர். கன்னமும் கழுத்தும் மூடப்பட்டன. ஒட்டியதைப் பிரிக்கத் துணிந்த அந்நெஞ்சுரத்தையே நான் பெரிதும் வியக்கின்றேன்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அதன் முகமூடியை உற்று நோக்குங்கள்: புருவம் சிறகு, மூக்கு உடல், மீசை வால்; ஒரு பறவைநாகம் மேலெழுந்து பறக்கின்றது.