தண்ணீர் நாட்காட்டியில் நம் இடம்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



'நீர், கழிவுநீர்த் துறையினருக்கு வரவிருக்கும் நிகழ்வுகளும் வாய்ப்புகளும்' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். பேங்க்ல குமாஸ்தா வேலை பாக்கறவன், கொஞ்சம் கவிதை எழுதறவன், இவனுக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். கடன் மனுக்கள் என் மேசை வழியாகப் போகின்றன. வாய்ப்பு என்கிற சொல் அரசாணையில் எப்படி இருக்கும், கவுண்டருக்கு வரும்போது எப்படிச் சுருங்கும் என்பது தெரியும். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

முதலில் 'துறையினர்' யார் என்பதை முடிவு செய்துகொள்வோம். ஐந்து நட்சத்திர ஓட்டலில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் மட்டும்தானா? மேன்ஹோல் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கரப்பான்பூச்சி உயிரோடு ஓடுதா என்று பார்த்து, உள்ளே காற்று எப்படி என்று கணக்குப் போடுகிறானே நம்ம ஆளு, அவன் யார்? அந்தக் கணக்கும் அறிவுதான். ஆனால் சில ஆயிரம் ரூபாய்க் கருவி ஒன்றை வாங்கிக் கொடுக்காததால், உயிரைப் பணயம் வைத்து அவன் கற்றுக்கொண்ட அறிவு. அதைப் புகழ்ந்துவிட்டு நகர முடியாது.

அந்தக் கருவி என்ன செய்யும்? நான்கு விஷயங்களை அளக்கும்: ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, தீப்பிடிக்கும் வாயு. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் உள்ளே போகக்கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமே தெரியாமல் போகும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. 'வாடை நின்னு போச்சு, இறங்கலாம்' என்று நினைக்கிற நேரத்தில்தான் ஆள் சாய்வான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் சாய்வான். அதனால்தான் செய்தியில் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர்.

செய்தி எழுதுகிற மொழியையும் கவனியுங்கள். 'விஷவாயு தாக்கி பலி.' யார் இறக்கினார்கள் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. வாயுவைக் கொலைகாரன் ஆக்கிவிட்டு வீட்டுக்காரர், காண்ட்ராக்டர், அதிகாரி மூன்று பேரும் வாக்கியத்தை விட்டே வெளியே போய்விடுகிறார்கள்.

1993ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். அந்த வருஷம் ஜனவரியில் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை, குழி, தொட்டி போன்ற அடைபட்ட இடங்களுக்கான விதியை வெளியிட்டது. காற்றை அளக்கணும், எழுத்தில் அனுமதி வேண்டும், மேலே ஒருவர் காவல் நிற்கணும், உள்ளே போனவரை மேலே இருந்தே இழுக்க ஏற்பாடு வேண்டும். அதே 1993இல் நம் நாட்டிலும் ஒரு சட்டம் வந்தது. அது உலர் கழிப்பிடத்தையும் கையால் மலம் அள்ளுவதையும் பற்றிப் பேசியது. பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறவன் அதன் கண்ணில் படவே இல்லை. இன்னும் இருபது வருஷம் கழித்து 2013 சட்டத்தில்தான் அவன் வந்தான். அங்கே கழிவுநீர் நிலையத்தை இயக்குகிறவர் மாநில அரசின் தேர்வு எழுதி, படிப்படியாகச் சான்றிதழ் வாங்கி உயர்கிறார். தொழிலுக்கு மரியாதை தானாக வரவில்லை. விதியும் சான்றிதழும் சம்பளமும் சேர்ந்துதான் கொண்டுவந்தன.

இங்கே நிலை என்ன? 2019 முதல் 2023 வரை சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் 377 பேர் இறந்ததாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 54 மரணங்களை எடுத்து ஆராய்ந்த சமூகத் தணிக்கையில், 49 பேரிடம் எந்தப் பாதுகாப்புச் சாதனமும் இல்லை என்று தெரிந்தது. 2024 வரை கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் 92 சதவீதம் பேர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர். பட்டியல் சாதி மட்டும் ஏறத்தாழ 69 சதவீதம். இவ்வளவு சுத்தமான இட ஒதுக்கீட்டை வேறெந்தத் துறையிலாவது பார்த்திருக்கிறீர்களா? இதை எதிர்த்து மட்டும் யாரும் வழக்குப் போடுவதில்லை.

சரி, நிகழ்வுகளுக்கு வருவோம். உலகத்திடம் ஒரு நாட்காட்டி இருக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் தண்ணீர் வாரம், 1991 முதல் நடக்கிறது. நவம்பர் 19 உலகக் கழிப்பறை தினம். 2026 டிசம்பருக்கு ஐ.நா. தண்ணீர் மாநாடு அறிவிக்கப்பட்டிருக்கிறது. போக முடிந்தவர் போகட்டும், போய் நம் குரலில் பேசட்டும்.

நம்மிடமும் ஒரு நாட்காட்டி உண்டு. மார்ச் 22க்கு இரண்டு நாள் முன்னால் மார்ச் 20. 1927இல் அன்றைக்குத்தான் பாபாசாகேப் மகத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். உலகத் தண்ணீர் தினத்துக்குக் கல்லூரியில் கோலம் போடச் சொன்னால், இரண்டு நாள் முன்னாலேயே கூட்டம் போடுங்கள். ஏப்ரல் 14 வருகிறது. அவர் சட்டம் எழுதியவர் மட்டுமல்ல. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பு. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்திலும், இன்றைய மத்திய நீர் ஆணையத்துக்கு முன்னோடியான அமைப்பிலும் அவர் கை இருக்கிறது. குடிக்கத் தண்ணி மறுக்கப்பட்ட மனுசன் இந்த நாட்டின் நதிகளுக்குத் திட்டம் போட்டார். நீர்த்துறை வல்லுநர் என்று அவரைப் பாடப்புத்தகம் சொல்லாது, நாம் சொல்லணும். டிசம்பர் 6 அவர் நினைவு நாள். 2013 சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அந்த வருஷம் டிசம்பர் 6ஆம் தேதிதான்.

இதையெல்லாம்விட முக்கியமான நிகழ்வு ஒன்று இருக்கிறது. அதற்குப் பேனர் கிடையாது, டீ பிஸ்கட் கிடையாது. 2013 சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு இருக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூடவேண்டும். அதில் சமூகச் செயல்பாட்டாளர்களுக்கு இடம் உண்டு, பெண்களுக்கு இடம் உண்டு, வங்கித் தரப்பில் ஒருவருக்கும் இடம் உண்டு. உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது? யார் உறுப்பினர்? நடவடிக்கைக் குறிப்பு எங்கே? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். வருஷத்துக்கு நான்கு கூட்டம். ஸ்டாக்ஹோமுக்கு விசா வேணும், கலெக்டர் ஆபீசுக்கு டவுன் பஸ் போதும்.

இனி வாய்ப்புகள்.

படிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்கிறேன். சுற்றுச்சூழல் பொறியியல், நீர்வளப் பொறியியல் என்று படிப்புகள் இருக்கின்றன. குடிநீர் வடிகால் வாரியம், சென்னைக் குடிநீர் வாரியம், நகராட்சிகள் என்று வேலை இருக்கிறது. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. வயது 35க்குள், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரத்தில் தண்ணீருக்காகவே ஒரு கல்வி நிறுவனம் 1957இலிருந்து நடக்கிறது. துப்புரவு போன்ற தொழிலில் இருப்பவர்களின் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி உதவித்தொகை இருக்கிறது. அதற்கு வருமான வரம்பு கிடையாது. அப்பா காண்ட்ராக்ட் கூலி என்பதால் 'சர்டிபிகேட் கொண்டா' என்று அலையவிடுவார்கள். அந்தச் சான்றை வாங்கிக் கொடுக்கிறது மாணவர் அமைப்பின் வேலை.

இரண்டாவது, கை வேலை தெரிந்தவர்களுக்கு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத் தொழில்நுட்பர் என்று அரசு அங்கீகரித்த தகுதி ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற முறையும் இருக்கிறது. இருபது வருஷம் பம்பு ஓட்டினவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நேற்று வந்த டிப்ளமோக்காரர் அவருக்கு சூப்பர்வைசர். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குவது சம்பளத்தைக் கேட்பதற்கு முதல் படி.

மூன்றாவது, ஊரில் இருக்கிற பெண்களுக்கு. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி கொடுக்கவேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்திருந்தது எப்படித் தெரிந்தது? பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகு, சனங்களே தொட்டி மேல் ஏறிப் பார்த்துத்தான். அந்த ஐந்து பேரில் சேரிப் பெண்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு கிராமசபையிலும் கேளுங்கள். சோதனைப் பெட்டி நம் வீட்டில் இருக்கணும்.

நான்காவதுதான் சிக்கலானது: இயந்திரம். 2017இல் ஹைதராபாதில் 70 ஜெட்டிங் வண்டிகள், 2019இல் டெல்லியில் 200 வண்டிகள், 2024 டிசம்பர் 6 அன்று சென்னையில் 213 பேருக்குக் கழிவுநீர் வாகனங்கள். தொழிலாளியே வண்டி முதலாளி ஆகும் ஏற்பாடு. தமிழ்நாட்டில் 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டம் 2023-24இல் தொடங்கி 2025-26 வரை என்று அறிவிக்கப்பட்டது. ஸ்டாண்ட் அப் இந்தியா 2025 மார்ச்சோடு முடிந்தது. பழைய துண்டறிக்கையை நம்பி பேங்குக்கு வந்து நிற்காதீர்கள், அந்த மாதத்து நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, குறிப்பிட்ட வரம்பு வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக்கூடாது, ரிசர்வ் வங்கி விதி. 'வீட்டுப் பத்திரம் இருக்கா' என்று கேட்டால் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். எழுத்து என்றாலே கேள்வி பாதி இறங்கிவிடும். இரண்டு, மனுவைத் திருப்பினால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மூன்று, வண்டியைப் பார்த்து மயங்காதீர்கள், வேலை ஆணையைப் பாருங்கள். ஏழு வருஷக் கடனுக்கு ஒரு வருஷ வேலை ஆணை கொடுத்தால், மிச்ச ஆறு வருஷம் தவணை யார் கட்டுவது? வண்டி நம்ம பேர்ல, ஓட்டம் காண்ட்ராக்டர் கையில என்றால் அது பினாமி. மானியம் அவனுக்கு, ஜப்தி நோட்டீஸ் நமக்கு.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார்: 'இந்தத் தொழிலை விட்டு ஓடு என்று சொல்லவேண்டிய இயக்கம், வண்டி வாங்கு என்று சொல்லலாமா? பழைய வாளிக்குப் பதிலாகப் புது வண்டி, சாதி மட்டும் அப்படியே' என்று. நியாயமான கேள்வி. இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறவன் நாளைக்கு இறங்காமல் இருக்க இயந்திரம் வேண்டும். அது அவன் கையில் இருந்தால் நல்லதுதான். ஆனால் 'இது உங்க வேலை, உங்களுக்கே ஒதுக்கிட்டோம்' என்று தட்டில் வைத்துக் கொடுத்தால் யோசிக்கணும். வண்டிக்கடன் கொடுக்கிற அரசு, அதே குடும்பத்துக்கு லாரிக் கடன், பால் பண்ணைக் கடன், மருந்துக்கடைக் கடனும் கொடுக்கத் தயாரா? தேர்ந்தெடுக்கிற உரிமை இருந்தால்தான் அது வாய்ப்பு.

இதற்கு நல்ல உரைகல் ஒன்று இருக்கிறது. 2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தபோது, விண்ணப்பித்தவர்களில் ஏழாயிரம் பேர் பொறியாளர்களும் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும். நிரந்தரச் சம்பளம் என்றதும் அந்த வேலைக்கு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். கூலிக்கு, காண்ட்ராக்டில், குழிக்குள் என்றால் மட்டும் அது 'பரம்பரைத் தொழில்' ஆகிவிடுகிறது. ஆக, சாதி இங்கே தொழிலின் அழுக்கில் இல்லை, கூலியிலும் பாதுகாப்பின்மையிலும் குடியிருக்கிறது.

இனி ஒரு மரணம் நடந்தால் உடனே செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 'அலட்சியத்தால் மரணம்' என்று மட்டும் எழுதி முடிக்க விடாதீர்கள். 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: முதல் தடவைக்கு இரண்டு வருஷச் சிறை வரை, இரண்டு லட்சம் அபராதம் வரை, அல்லது இரண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் கேளுங்கள். 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அது முப்பது லட்சம். நிரந்தர ஊனத்துக்கு இருபது லட்சம். 2025 ஜனவரி 29 அன்று சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்குவதை நிறுத்தச் சொன்னது. தீர்ப்பு நகலைப் பையிலேயே வைத்திருங்கள். 'ரெண்டு லட்சம் வாங்கிட்டு முடிச்சுக்கலாம்' என்று ராத்திரியோடு ராத்திரியாக ஆள் வரும். பிணவறை வாசலில் அந்தப் பேச்சு நடக்கும்போது நாம் அங்கே இருக்கணும்.

ஆக, இந்த மூன்று மாதத்துக்குள் மூன்று வேலை. கண்காணிப்புக் குழு பற்றிய மனு. உங்கள் நகராட்சியில் குழிக்குள் இறங்குகிறவர், வண்டி ஓட்டுகிறவர், பம்பு இயக்குகிறவர் யார் யார், நிரந்தரமா காண்ட்ராக்டா, சான்றிதழ் உண்டா இல்லையா என்று ஒரு பட்டியல். உதவித்தொகை கிடைக்காத அவர்கள் பிள்ளைகளின் இன்னொரு பட்டியல். அடுத்த கூட்டத்துக்கு வெறும் கையோடு வராமல் இந்தப் பட்டியல்களோடு வாருங்கள். அதில் கடன் மனு இருந்தால் என்னிடம் கொடுங்கள், எழுத நான் உட்காருகிறேன்.

ஜெய்பீம்.