பிறர் துணியில் நேர்ந்த பிழை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து அக்கரை சேர்ந்தால், வயல்களுக்கு நடுவே, திரௌபதையம்மன் கோயிலால் பெயர் பெற்ற பழுகாமம் என்னும் ஊர் இருக்கின்றது. இத்தகைய ஊர்களிலே வீட்டு விறாந்தையில் ஒரு தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, வேளாண்மை வேலைக்கும் சமையலுக்கும் இடையே அயலாருக்குத் தைத்துக் கொடுத்து நாலு காசு தேடும் பெண்கள் உண்டு.

அவர்களில் ஒருத்தியிடம் ஒரு வேலை வருகின்றது என்று கொள்வோம். மறைந்துபோன தாயின் சேலைகள் ஆறினை ஒரு மகள் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவற்றைத் துண்டுகளாக்கி இணைத்து, நடுவே பஞ்சு பரப்பி, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து நெடுகத் தைத்துப் போர்வையாக்கித் தரவேண்டும். கூலி பேசியாயிற்று, முற்பணமும் கைமாறிற்று. மூன்றாம் நாள் மேலே கிடந்த துணியைக் கத்தரிக்கும்போது, அதன் அடியில் மடிந்து கிடந்த மற்றொரு சேலையின் முந்தானையும் கூடவே வெட்டுண்டு போகின்றது.

கடையில் வாங்கிய சீத்தைத் துணியாயின் இன்னும் இரண்டு யார் வாங்கிவந்து பிழையை மறைத்துவிடலாம். இந்த முந்தானை எந்தக் கடையில் கிடைக்கும்? 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிய கரையோரம் இது. யுத்தத்தால் மக்கள் பலமுறை இடம்பெயர்ந்த நாடும் இது. இறந்தவரின் நினைவாக ஒரு சேலையே எஞ்சிய வீடுகள் இங்கு உண்டு.

தனக்கென்று தைக்கும்போது கோணலும் ஓர் அழகு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் வில்கொக்ஸ் பகுதியில், வறுமையில் வாடிய கறுப்பினப் பெண்கள் 1966இல் ‘ஃபிரீடம் குவில்டிங் பீ’ என்னும் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். பழைய உடுப்புகளைக் கிழித்து, மனம்போன போக்கில் இணைத்துப் போர்வை தைத்துப் பழகியவர்கள் அவர்கள். 1972இல் சியர்ஸ் என்னும் பெரும் வணிக நிறுவனத்துக்குத் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தபோது நிலைமை வேறாயிற்று. ஒன்றைப்போல் ஒன்று இருந்தாக வேண்டும். கை அதே கைதான். ஆனால் எது பிழை என்று தீர்மானிக்கும் உரிமை தைப்பவளிடமிருந்து வாங்குபவரிடம் போய்விட்டது.

இந்த உரிமை புதிதன்று. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த உல்பியன் என்னும் சட்ட அறிஞர், துணி வெளுப்பவரிடம் கொடுத்த ஆடையை எலி கடித்துவிட்டால் என்ன செய்வது என்று ஆராய்ந்திருக்கிறார். வெளுப்பவரே பொறுப்பு என்பது அவர் முடிபு; எலி வராமல் காப்பதும் அவர் ஏற்ற வேலையில் அடங்கும் என்பது காரணம். தொழிலறிந்தவன் என்று கூறிக் கூலிக்கு வேலை ஏற்றவனிடத்தில், திறமைக் குறைவும் தவறாகவே எண்ணப்படும் என்பதும் அச்சட்டத்தின் கொள்கை. ரோமாபுரியின் எலிக்கும் படுவான்கரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தரின் வழியாக வந்த ரோம-டச்சுச் சட்டமே இன்றும் இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு அடிப்படை. நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் பிறர் துணியை வைத்திருப்பவர்கள் எலியை மறக்கலாகாது!

முந்தானை வெட்டுண்டதும் முதலில் தோன்றுவது மறைக்கும் எண்ணம். துண்டை உள்மடிப்பில் தள்ளிவிடலாம்; மேலே ஒரு பூவைத் தைத்து அலங்காரம் என்று சொல்லிவிடலாம். அமிஷ் என்னும் கிறித்தவக் குழுவினர், குறையற்றவர் கடவுள் ஒருவரே என்பதால், தம் போர்வைகளில் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார்கள் என்று ஒரு கதை வழங்குகின்றது. ஆராய்ந்தவர்கள் அதற்குத் தக்க ஆதாரம் காணவில்லை. வேண்டாமலே வேண்டிய அளவு பிழைகள் நேர்கின்ற தொழிலில், வலிந்து ஒன்றைச் செய்வானேன்?

தாயின் சேலையைப் பிள்ளை அறியாமல் இருப்பதில்லை. எந்தப் பூ எந்த இடத்தில் இருந்தது என்பது அவள் கண்ணில் நிற்கும். போர்வை வீடு போய்ச் சேர்ந்த பின் அவளாகவே வெட்டைக் கண்டுபிடித்தால், மற்ற ஐந்து சேலைகளுக்கும் என்ன நேர்ந்ததோ என்ற ஐயமும் கூடவே எழும். ஆகவே அன்றைக்கே, அடுத்த தையலைப் போடுமுன், ஆள் அனுப்ப வேண்டும்: “அக்கா, சேலையில ஒரு பிழை நடந்து போச்சு. என்ட கைப்பிழைதான். நீங்க ஒருக்கா வந்து பாருங்க. அதுவரைக்கும் நான் தொடமாட்டன்.” இவ்வளவே போதும். மின்வெட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல், கத்தரிக்கோலின் மொட்டை என்று காரணங்களை அடுக்கினால், பிழை யாருடையது என்பதே தெரியாமற் போய்விடும்.

வந்தவள் முன் வைப்பதற்கு இரண்டொரு வழிகளை ஆயத்தமாக வைத்திருப்பது நன்று. வெட்டு நேர்கோடாயின், அடியில் மெல்லிய துணி கொடுத்து, சேலையின் இழையோடு ஒத்த நூலால் கையால் இழையோட்டலாம். முந்தானையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து வெட்டை மூட்டுக்குள் கொண்டுவரலாம். கோலம் சற்று மாறும். அல்லது தழும்பு தெரியும்படியே விட்டுவிடலாம். எதைச் செய்வது என்று சொல்ல வேண்டியவள் மகள்.

எல்லாப் பிழையும் இவ்வளவு கொடியதன்று. தையல் பிசகினால் பிரிக்கலாம். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக அறுத்து, மறு பக்கத்து நூலை இழுத்தால் முழு நீளமாக வந்துவிடும். பருத்தியில் ஊசித் துளைகளை நீர் தொட்டு நகத்தால் நீவினால் மறையும். பட்டிலே அவை நிலைத்துவிடும். எனவே பட்டில் பிரித்துத் தைக்கும் துணிவு வேண்டாம். விரலில் ஊசி ஏறி இரத்தம் பட்டால் குளிர்ந்த நீரால் உடனே ஒற்ற வேண்டும். வெந்நீர் கறையை இறுக்கிவிடும். சிவப்புச் சேலையின் சாயம் இறங்கி வெள்ளையில் ஏறினால், துணியை உலர விடவும் கூடாது, சூடாக அழுத்தவும் கூடாது. சிறு பிசகுகள் கூடிப் பெரிதாவதும் உண்டு: ஒவ்வொரு மூட்டிலும் அங்குலத்தில் ஒரு வீசம் தவறினால், 20 மூட்டில் போர்வை ஒன்றேகால் அங்குலம் குறுகிவிடும். பஞ்சும் முதற் சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்குவரை சுருங்கக்கூடும். முன்கூட்டிச் சொல்லாத சுருக்கம் வாங்குபவருக்குப் பிழையாகவே தோன்றும்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரித்துத் தைத்த நேரத்துக்குக் கூலி கேட்பது முறையன்று. ஆனால் பிழையைச் சொன்ன அதே மூச்சில் கூலியைக் குறைக்கிறேன் என்று முந்திக்கொள்வதும் தகாது. தாயின் சேலைக்கு விலை வைத்ததுபோல் ஆகிவிடும். எப்படிச் சீர்செய்வது என்று முடிவான பின் கூலியைப் பேசலாம். மறுபுறம், வறுமைப்பட்ட தையற்காரியின் தலையில் எல்லாப் பழியையும் சுமத்துவதும் நியாயமன்று. ஆண்டுக்கணக்காக மடித்து வைத்த சரிகைச் சேலை மடிப்பிலேயே இற்றுப்போயிருக்கும், தொட்டவுடன் கிழியும். இதற்காகவே துணியைக் கையேற்கும் பொழுதே, கொடுத்தவர் முன்னிலையில் ஒவ்வொரு சேலையையும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இற்ற இடங்களை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்வதும், ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் சோதிப்பதும் வேண்டும். அரை மணி நேர வேலை அது.

போர்வை முடிந்து கொடுக்கும்போது, கத்தரித்து மிஞ்சிய துண்டுகளையும் ஒரு பையிலிட்டு உடன் கொடுத்துவிட வேண்டும். விரலளவு சரிகைக் கரையாயினும் அது மகளுடையதே. பத்து ஆண்டுகள் கழித்துப் போர்வை எங்கேனும் நைந்து போனால், ஒட்டுப் போட அதே சேலையின் துண்டு அந்தப் பையில் இருக்கும்.