பட்டயத்தின் வழியே பட்டம்

(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் அதிக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை இம்மேடைக்கு அழைத்துப் பரிசளிக்கின்றோம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால், பத்தாம் வகுப்பைச் சுமாரான மதிப்பெண்ணுடன் முடித்துவிட்டு, தறியில் அமர்வதா, கும்மிடிப்பூண்டிக்கு ஒப்பந்தத் தொழிலாளியாகச் செல்வதா என்று திகைத்து நிற்கும் பிள்ளையை நாம் அழைத்துப் பேசியதில்லை. இக்குறை நம்முடையதே.

அமெரிக்காவில் முதலிரண்டு ஆண்டுகளைக் குறைந்த செலவில் சமுதாயக் கல்லூரியில் பயின்று, பின்னர்ப் பல்கலைக்கழகத்திற்கு மாறுவோர் ஏராளம். நம் நாட்டில் அதற்கு நெருங்கிய வழி பாலிடெக்னிக். பத்தாம் வகுப்புக்குப்பின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு, அதன்பின் பி.இ. வகுப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. அங்கே இன்னும் மூன்றாண்டு. ஆக ஆறு ஆண்டுகள். பிளஸ் டூ முடித்துப் பி.இ. படிப்பவருக்கும் அதே ஆறுதான். 'காலம் வீணாகும்' என்று திண்ணையில் பேசுவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை போலும்! இரண்டாண்டு ஐ.டி.ஐ. தேறியவரும் பட்டயத்தின் இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

இவ்வழியின் பெரும் நன்மை வேறொன்று. பி.இ.யைப் பாதியில் விட்டவர் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. இங்கோ, தந்தை நோயுற்றாலும் தறி நின்றாலும், மூன்றாம் ஆண்டிறுதியில் பட்டயம் கையிலிருக்கும். வேலைக்குச் சென்றுவிட்டுப் பிறகும் பட்டப்படிப்பைத் தொடரலாம்.

இடரையும் மறைக்கலாகாது. பட்டறையிலும் வரைபடத்திலும் பட்டயம் பெற்றவரே முந்துவார், கணிதத்தில் தடுமாறுவார். உடன் பயில்வோர் முதலாண்டுக் கணிதத்தை முடித்துவிட்டு வந்திருப்பர். நம் பிள்ளைகள் பலருக்கு அரியர் சேருவது இங்கேதான். சேருமுன் கிடைக்கும் விடுமுறையில் அப்பாடத்தைப் படித்துவிட வேண்டும்.

2007ஆம் ஆண்டு முதல் தமிழகக் கல்வி நிலையங்களில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்றிதழில் அப்பிரிவு சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்பதைச் சேர்க்கைக்கு முதல்நாள் பார்த்துப் பயனில்லை. பத்தாம் வகுப்பிலேயே பாருங்கள்.

நமது பைத்துல்மால் கல்வியுதவி இதுவரை பி.இ.யில் சேர்ந்தோருக்கே கிடைத்து வந்தது. இனிப் பட்டயத்தின் முதலாண்டிலிருந்தே, ஆண், பெண் இருபாலருக்கும் வழங்கிடக் கமிட்டி முன்மொழிகின்றது. தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில், இன்ஷா அல்லாஹ், அஸருக்குப்பின் மதரஸாவில் விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து தருவோம். மதிப்பெண் குறைந்ததென்று எவரும் வராமலிருக்க வேண்டாம்.