சிறுநீரக மாற்று சிகிச்சையும் பல் பராமரிப்பும்

(மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். என் தமையனாரின் பிள்ளைக்குச் சிறுநீரக மாற்று சிகிச்சை நடந்தபோது கூட இருந்து, டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கிட்னிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் முர்ரே குழுவினர் செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றில், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர். அதனால் உடல் அந்தக் கிட்னியை அந்நியமாகக் கருதவில்லை. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. பெற்ற தாயே கொடுத்தாலும் உடல் எதிர்க்கும். அதை அடக்க டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகளைத் தினமும் சாப்பிட வேண்டும். இவை கிருமிகளை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்தே குறைத்துவிடுகின்றன. பல் வேரில் வலியில்லாமல் தங்கியிருக்கும் சீழ், அந்த நிலையில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே பல் டாக்டரிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எக்ஸ்ரே எடுத்து, சொத்தையை அடைத்து, ஈறு நோய்க்கு வைத்தியம் செய்து, காப்பாற்ற முடியாத பற்களை எடுத்துவிட வேண்டும். எங்கள் பையனுக்குக் கிட்னி கொடுத்தது மன்னிதான். அவருக்கு எல்லா டெஸ்டும் முடிந்து தேதியும் குறித்தாகிவிட்டது. அப்புறம்தான் பையனின் இரண்டு கடைவாய்ப் பற்களில் சீழ் இருப்பது தெரிந்தது. பற்களை எடுத்து, புண் ஆறும்வரை ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. அத்தனை வாரமும் டயாலிசிஸ்தான். முதல் மாதத்திலேயே பல்லைப் பார்த்திருந்தால் இந்தக் காத்திருப்பு இல்லை.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். எனவே பல் எடுப்பதை மறுநாள் வைத்துக்கொள்வது நல்லது. ஃபிஸ்டுலா உள்ள கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ விடக்கூடாது. தண்ணீர் அளவு குறைவதால் வாய் உலரும். உலர்ந்த வாயில் சொத்தை சீக்கிரம் வரும். மிருதுவான பிரஷ், ஃப்ளூரைடு பேஸ்ட் இரண்டும் அவசியம்.

மாற்று சிகிச்சை முடிந்த பிறகு, முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு அவசரமில்லாத பல் வைத்தியம் வேண்டாம் என்பார்கள். ஆனால் வலியோ வீக்கமோ வந்தால் காத்திருக்கக்கூடாது. சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவர்களுக்கு ஈறு தடித்து வளர்வது உண்டு. கூடவே நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரையும் இருந்தால் அது அதிகமாகலாம். நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ வெள்ளைப் படலம் வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை உடனே காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பல்வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் (காம்பிஃப்ளாமில் இருப்பதும் இதுதான்) கிட்னியைப் பாதிக்கும். பொதுவாக பாரசிட்டமால் கொடுப்பார்கள். அதையும் டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகள் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை உயர்த்தி, புதுக் கிட்னிக்கே கெடுதல் செய்யும். பல் டாக்டருக்கு நம் மருந்துகள் தெரியாவிட்டால் அவர் நல்லெண்ணத்துடன் இவற்றையே எழுதிவிடலாம். மருந்துப் பட்டியலின் நகல் ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, எந்தப் பல் டாக்டரிடமும் முதலில் அதைக் காட்டுங்கள். கிட்னி டாக்டரின் டெலிபோன் நம்பரையும் அதிலேயே எழுதி வையுங்கள். பல் எடுக்குமுன் ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதை இரு டாக்டர்களும் பேசி முடிவு செய்யட்டும். பல் எடுப்பதற்காகத் தினசரி மருந்தை நாமாக நிறுத்தவே கூடாது.

ஒரு தாயாரோ மனைவியோ தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்த உறுப்பு அது. அதைக் காப்பாற்ற நம்மால் தினமும் செய்யக்கூடியது காலையும் இரவும் பல் தேய்ப்பதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரைப் பார்ப்பதும். நம் அங்கத்தினர் குடும்பங்களில் யாராவது டயாலிசிஸில் இருந்தால், இன்றைக்கே அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பல்லைக் காட்டியாகிவிட்டதா?