ஊசியும் எழுதுகோலும்



இல்லறத்தையும் வெளிப்பணியையும் தராசின் இரு தட்டுகளாக உருவகித்துப் பேசுவது மேடைகளில் வழக்கமாகிவிட்டது. இரண்டையும் சமன் செய்தாள் என்று பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். எதைக் குறைத்து எதை நிறைத்தாள், குறைத்தது யாருடைய பங்கிலிருந்து என்னும் கணக்கை மட்டும் எவரும் கேட்பதில்லை. அக்கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்பதற்கு ஒரு கிறித்தவத் தாயின் வாழ்வு இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. எட்டு மக்களைப் பெற்று வளர்த்தவர். அமெரிக்க மண்ணில் குடியேறி ஆங்கிலத்தில் கவிதை எழுதி நூலாக வெளிவரக் கண்ட முதற் பெண்மணி. ஆன் பிராட்ஸ்ட்ரீட் என்பது அவர் பெயர்.

அம்மையார் 1612-இல் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை தாமஸ் டட்லி, லிங்கன் பிரபுவின் மாளிகையில் காரியத் தலைவராக இருந்தார். அம்மாளிகையின் நூலகம் மகளுக்குப் பள்ளியாயிற்று. பதினாறு வயதளவில் சைமன் பிராட்ஸ்ட்ரீட்டுக்கு வாழ்க்கைப்பட்டார். 1630-இல் தந்தை, கணவர் ஆகியோருடன் 'ஆர்பெல்லா' என்னும் கப்பலேறி மாசச்சூசெட்ஸ் கரை சேர்ந்தார். உடன் வந்தோர் பியூரிட்டன் எனப்படும் தூய்மைநெறிக் கிறித்தவர்கள். தாய்நாட்டுத் திருச்சபை தம் மனச்சான்றுக்கு ஒவ்வாமையால் கடல் கடந்தவர்கள். புதிய நாட்டையும் புதிய பழக்கங்களையும் கண்டபோது தம் நெஞ்சு கொந்தளித்து எழுந்ததென்றும், அது இறைவன் காட்டிய வழியென்று தெளிந்த பின்னரே அடங்கிற்றென்றும் அம்மையார் பிற்காலத்தில் தம் மக்களுக்கு எழுதிய மடலில் ஒளிவுமறைவின்றிக் குறிக்கிறார்.

நெடுநாள் பிள்ளையில்லாத துயரமும் அம்மடலில் உண்டு. கண்ணீரும் மன்றாட்டுமாக வேண்டிப் பெற்றது முதற்குழந்தை. அதன்பின் ஆண் நால்வர், பெண் நால்வர் என எண்மராயினர். பிள்ளைச் சாவு அன்றாட நிகழ்ச்சியாக இருந்த அக்காலத்தில் எண்மரும் வளர்ந்து ஆளாயினர் என்பது வியப்புக்குரியது. குடும்பம் நியூடவுனிலிருந்து இப்ஸ்விச்சுக்கும், அங்கிருந்து காட்டோரத்து ஆண்டோவருக்குமாக இடம் பெயர்ந்துகொண்டே இருந்தது. அம்மையாருக்கோ அடிக்கடி காய்ச்சலும் மயக்கமும் உடல் நலிவும். கணவர் குடியேற்ற ஆட்சியில் பொறுப்புடையவர். பலநாள் வெளியூரில் இருப்பவர்.

இத்தகைய வீட்டிலிருந்து ஒரு பெண் எழுத வந்தாள் என்றால், ஊர் என்ன சொல்லியிருக்கும்? ஊகிக்க வேண்டியதில்லை, சான்றுகள் உள.

ஆன் ஹட்சின்சன் என்னும் மற்றோர் அம்மையார் பாஸ்டனில் வாழ்ந்தார். பதினைந்து மக்களைப் பெற்றவர். ஞாயிறன்று கேட்ட அருளுரைகளை வாரந்தோறும் தம் வீட்டில் பெண்களைக் கூட்டி விளக்கிவந்தார். நாளடைவில் ஆடவரும் வந்து கேட்கலாயினர். 1637 நவம்பரில் வழக்குமன்றம் அவரை நாடுகடத்தத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு சபையும் விலக்கிற்று. மனைவியாக நடவாமல் கணவனாக நடந்தாள் என்பதும் அவர்மேல் சுமத்தப்பட்ட பழிகளில் ஒன்று. அவ்வழக்கை விசாரித்த மன்றத்தில் தாமஸ் டட்லியும் சைமன் பிராட்ஸ்ட்ரீட்டும் அமர்ந்திருந்தனர். தந்தையும் கணவரும் அம்மன்றத்திலிருந்து வீடு திரும்பிய நாள்களில், அவ்வீட்டின் மேசை அறையில் கவிதைத் தாள் ஒன்று இருந்திருக்குமாயின், அது எப்படி மடித்து வைக்கப்பட்டிருக்கும் என்று கவிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது சான்று இன்னும் கூர்மையானது. கனெக்டிகட் ஆளுநர் ஹாப்கின்சின் மனைவியார் மனநலம் குன்றினார். 1645-இல் ஜான் வின்திராப் தம் நாட்குறிப்பில் அதற்குக் காரணம் எழுதுகிறார். அம்மாது பல்லாண்டுகளாகப் படிப்பிலும் எழுத்திலும் மூழ்கிப் பல நூல்கள் எழுதினாராம். வீட்டுக் காரியங்களைக் கவனித்து, வலிய அறிவுடைய ஆடவர்க்குரிய செயல்களில் தலையிடாதிருந்தால் புத்தி தெளிவாகவே இருந்திருக்குமாம். இதை எழுதியவர் ஆர்பெல்லா கப்பலில் பிராட்ஸ்ட்ரீட் குடும்பத்துடன் ஒன்றாகப் பயணம் செய்தவர், குடியேற்றத்தின் தலைவர். வெளிப்பணி மேற்கொண்ட பெண்கள் இருவர்க்கு அச்சமூகம் வழங்கிய தீர்ப்புகள் இவை: ஒருவர்க்கு நாடுகடத்தல், மற்றவர்க்குப் பைத்தியப் பட்டம்.

இப்பின்னணியில்தான் பிராட்ஸ்ட்ரீட் அம்மையாரின் முன்னுரைப் பாடலைப் படிக்க வேண்டும். தம் கைக்கு ஊசியே பொருந்தும் என்று குறைகூறும் நாவுகளை அதில் அவர் நேரே சுட்டுகிறார். தாம் எழுதியது நன்றாக அமைந்தாலும் திருடியது என்பர், இல்லையேல் தற்செயல் என்பர் என்கிறார். பின், பணிவோ பகடியோ என்று பிரித்தறிய இயலாத குரலில், புலவர்க்குச் சூட்டும் லாரல் மாலை தமக்கு வேண்டா. தைம், பார்ஸ்லி இலைகளால் தொடுத்த மாலையே போதும் என்று முடிக்கிறார். இரண்டும் அடுக்களைத் தழைகள். பணிவு என்று கொள்வார் கொள்க. அடுக்களையிலிருந்தே தமக்கு முடிசூட்டிக்கொண்ட குறும்பு அதில் இருப்பதாகவே தோன்றுகிறது.

1647-இல் அம்மையாரின் தங்கை கணவர் ஜான் உட்பிரிட்ஜ் இங்கிலாந்துக்குச் சென்றார். கவிதைகளின் படி ஒன்று அவருடன் சென்றது. 1650-இல் இலண்டனில் அது நூலாயிற்று. அமெரிக்காவில் புதிதாகத் தோன்றிய பத்தாவது கலைமகள் என்று தலைப்பிட்டு, தலைப்புப் பக்கத்தில் அப்பகுதியில் வாழும் ஒரு குலமகள் இயற்றியது என்று மட்டும் குறித்தனர். நூலாசிரியருக்குத் தெரியாமலே நூல் வெளிவந்தது. உட்பிரிட்ஜ் எழுதிய முகவுரைதான் நம் கணக்குக்கு மிக வேண்டியது. இது பெண் எழுதியதா என்று ஐயுறுவார்க்கு விடை சொல்லப் புகுந்தவர், நூலின் யாப்பையோ பொருளையோ முதலில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியர் இறைப்பற்றுடையவர், நன்னடத்தையர், தம் நிலைக்குரிய கடமையில் கருத்துடையவர், குடும்பக் காரியங்களைச் செவ்வனே நடத்துபவர் என்று சான்று தருகிறார். அதன்பின், இக்கவிதைகள் அவர் தம் உறக்கத்திலிருந்தும் ஓய்விலிருந்தும் குறைத்துக்கொண்ட சில மணி நேரங்களின் விளைவே என்று உறுதி கூறுகிறார்.

கணக்கு இப்போது விளங்குகிறது. பிள்ளைகளின் பங்கு குறையவில்லை. கணவரின் பங்கு குறையவில்லை. சபையின் பங்கும் குறையவில்லை. குறைந்தது ஒருத்தியின் உறக்கம். நோயுற்ற உடம்பொன்றின் உறக்கம். அது குறைந்ததை நூலின் குற்றமாக அன்று, சிறப்பாகவே அச்சிட்டனர். உட்பிரிட்ஜ் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். ஹட்சின்சனும் ஹாப்கின்சின் மனைவியும் பட்டதை அறிந்தவர் வேறு எப்படித் தம் கொழுந்தியாளைக் காத்திருக்க முடியும்? ஆனால் ஒன்று. சைமன் பிராட்ஸ்ட்ரீட் 1679-இல் மாசச்சூசெட்சின் ஆளுநரானார். அவர் பிள்ளைகளைச் செவ்வனே வளர்த்தாரா, ஆட்சிக்கான நேரத்தை எங்கிருந்து எடுத்தார் என்று எவரும் முகவுரை எழுதவில்லை.

கிறித்தவர் இல்லத் திருமணங்களில் நீதிமொழிகளின் 31-ஆம் அதிகாரம் படிக்கப்படுவதைப் பலரும் கேட்டிருப்பர். அங்கே சொல்லப்படும் குணசாலியான ஸ்திரீ நிலத்தை ஆராய்ந்து வாங்குகிறாள், திராட்சைத் தோட்டம் நாட்டுகிறாள், வணிகம் செய்கிறாள். அதாவது வெளிப்பணி அவளுக்கு விலக்கப்படவில்லை. அவள் கணவன் ஊர்வாயிலில் மூப்பர்களோடு அமர்ந்து பேர்பெறுகிறான். அவளோ இருட்டோடே எழுகிறாள். அவள் விளக்கு இரவிலும் அணைவதில்லை. மணமக்களுக்கு அறிவுரை கூறுவோர் அவ்விளக்கைப் புகழாமல் விடுவதில்லை. அவள் எப்போது உறங்கினாள் என்று கேட்டவர் உண்டோ? நம் வட்டத்தின் கூட்டங்களும் மாலை ஆறு மணிக்கே தொடங்குகின்றன. அடுப்பு எரிய வேண்டிய வேளை அது. பெண்பாற் கவிஞர் வருகை குறைவு என்று ஆண்டறிக்கையில் வருந்துவதற்குமுன் கடிகாரத்தையும் ஒருமுறை பார்ப்பது நலம்.

நூல் கைக்கு வந்தபோது அம்மையார் பட்ட பாட்டை அவரே ஒரு கவிதையாக்கினார். அச்சேறிய நூலை முகம் கழுவாமல் தெருவுக்கு இழுத்துச் செல்லப்பட்ட பிள்ளையாக்கி, அதன் முகத்தைக் கழுவியும் கறையைத் தேய்த்தும் பார்க்கிறார். ஒரு கறையைத் தேய்த்தால் வேறொரு குறை எழுகிறது. நொண்டும் கால்களை நீட்டிவிடுகிறார். அப்போதும் ஓட்டம் சீர்ப்படவில்லை. காலையும் பாவின் உறுப்பையும் ஒரே சொல்லால் குறிக்கும் சிலேடை அங்கே இருக்கிறது; நம் 'அடி' என்னும் சொல்லை அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டா. உடுத்த நல்லாடை இல்லை. வீட்டில் நெய்த முரட்டுத் துணிதான் உண்டு. தாய்மையை அறியாத ஒருவரால் இக்கவிதையின் ஒரு வரியையும் எழுதியிருக்க முடியாது. வீடு கவிதையைத் தடுத்தது என்றே சொல்லிவந்தோமானால் இக்கவிதை நம்மை மறுக்கிறது.

இங்கே ஒரு முரண் நோக்கத்தக்கது. 1650-இல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த நூலில் வீடு ஏறக்குறைய இல்லை. நாற்பூதங்கள், மனிதப் பருவங்கள், ஆண்டின் பருவங்கள், பண்டைப் பேரரசுகள் என்று கற்றோர் மெச்சும் பொருள்களே நிறைந்திருந்தன. அவற்றை இன்று ஆய்வாளரன்றிப் படிப்பார் அருகினர். இன்று உலகம் படிப்பவை வேறு. பேறுகாலத்துக்கு முன் கணவருக்கு எழுதியது: தாம் இறந்துபட்டால் பிள்ளைகளை மாற்றாந்தாயின் கொடுமையிலிருந்து காக்குமாறு வேண்டுவது. 1659-இல் எழுதியது: கூட்டில் பொரித்த எட்டுப் பறவைகளில் ஐந்து பறந்துபோக, எஞ்சிய மூன்றையும் பார்த்து நடுங்குவது. பேரப்பிள்ளைகள் அடுத்தடுத்து மாண்டபோது எழுதியவை. இவை அவர் மறைந்தபின் 1678-இல் பாஸ்டனில் வந்த பதிப்பில் சேர்ந்தன. வேறு பல கையெழுத்துப் படியிலேயே கிடந்து 1867-இல்தான் அச்சேறின.

1666 சூலை 10 இரவு ஆண்டோவர் வீடு எரிந்தது. பேரரசுகளைப் பற்றிய நெடுங்கவிதையின் முடிக்கப்படாத பகுதியும் தீயில் போயிற்று. அவ்விழப்பையும் அவர் ஓரிடத்தில் குறித்திருக்கிறார். ஆனால் வீடெரிந்ததைப் பாடிய கவிதையில் அவர் தேடுவது தாள்களை அன்று. சாம்பல் மேட்டைக் கடக்கும்போதெல்லாம் பெட்டி இருந்த இடம், தாம் அமர்ந்த இடம், விருந்தினர் இனி வந்து உண்ணாத மேசை ஆகியவற்றின் மேலேயே கண் செல்கிறது. பின் தம்மைத் தாமே கடிந்துகொண்டு விண்ணகத்து வீட்டை நினைக்கிறார். அத்திருப்பம் அவர் சமயம் கேட்ட திருப்பம், உண்மையானதும்கூட. எனினும் கவிதையின் உயிர் அந்த மேசையருகேதான் நிற்கிறது.

இறுதியாக, அம்மையார் தம் மக்களுக்கென்று வைத்துச் சென்றவற்றைப் பற்றி ஒரு சொல். முன்னர்க் குறித்த மடலில் அறிவுரை மட்டுமா இருக்கிறது? இறைவன் உண்டா என்று தாம் ஐயுற்ற நாள்களையும், திருமறை மெய்தானா என்று கலங்கியதையும் அவர் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. பற்றுறுதியுள்ள தாய் என்னும் மேடைப் படிமத்தைவிட இது எவ்வளவோ பெரிது. சைமன் என்னும் மகன், தாம் பார்க்கும்போதெல்லாம் அன்னையை நினைத்துக்கொள்ள எழுத்தில் ஏதேனும் தருமாறு கேட்டார். 1664 மார்ச் 20 என நாளிட்டு, எழுபத்தேழு சிந்தனைகளைத் தம் கையால் எழுதிக் கொடுத்தார். எழுபத்தேழும் உரைநடைச் சிறுதுணுக்குகள். பல, வீட்டில் கண்ட சிறுநிகழ்ச்சிகளிலிருந்து பிறந்தவை. ஊரார் ஊசிக்கே உரியதென்ற கையின் எழுத்தைப் பிள்ளை கேட்டு வாங்கியிருக்கிறது.

1672 செப்டம்பர் 16-இல் அம்மையார் என்புருக்கி நோயால் எலும்பும் தோலுமாய் இறந்தார். மகன் சைமன் அப்போது நியூ லண்டனில் சபை ஊழியத்தில் இருந்தார். அன்னையின் நோய்ப்படுக்கையருகில் இருந்து அவர் கடைசியாகச் சொன்ன சொற்களை நினைவில் பதித்துக்கொள்ளும் வாய்ப்பை இழந்தேன் என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். வெளிப்பணி அவரையும் தடுத்தது. எழுதித் தந்த ஏடு அவரிடம் இருந்தது.