சுவருக்குள் மறைந்திருக்கும் நெருப்பு



ஒன்ராறியோவில் எம்மவர் பலர் வீட்டின் நிலக்கீழ்த் தளத்தை வாடகைக்கு விடுகின்றனர். புதிதாய் வந்தோரும் மாணவர்களும் அங்கே உறங்குகின்றனர். அச்சுவர்களைத் திறக்கும் மின்பணியாளர் காண்பதென்ன? இணைப்புப் பெட்டியின்றிச் சுவருக்குள் புதைக்கப்பட்ட முடிச்சுகள். 15 அம்பியருக்குரிய மெல்லிய கம்பிக்கு 30 அம்பியர் பிரேக்கர். கம்பி கொதித்தாலும் மின்னோட்டம் நிற்காது. 1960களின் நடுப்பகுதி முதல் 1970களின் இறுதிவரை கட்டப்பட்ட பல வீடுகளிலுள்ள அலுமினியக் கம்பியோடு வெறுமனே முறுக்கப்பட்ட செப்புக் கம்பி. அவ்விணைப்பு நாளடைவில் தளர்ந்து சூடேறும்.

"தெரிந்த பையன், மலிவாய்ச் செய்து தந்தான்" என்று நாம் மகிழ்கிறோம். ஆனால் 2007 முதல் இம்மாகாணத்தில் பிறர் வீட்டில் கூலிக்கு மின்வேலை செய்ய உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரருக்கே அனுமதியுண்டு. பெரும்பாலான வேலைகளை மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தலும் கட்டாயம்.

பெற்றோர்களே, உரிம எண்ணையும் பரிசோதனைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். இளையோர்களே, நீங்கள் குடியிருக்கும் அறையில் சுவிட்ச் சூடாயினும், விளக்கு அடிக்கடி மங்கினும், எரிந்த வாடை வீசினும் உடனே சொல்லுங்கள். வீட்டுக்காரர் உறவினர் என்பதற்காக வாளாவிருத்தல் தகாது.